லூல்கந்துர போய்ச் சேர்ந்த கதை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் லிப்ட் பழுது. நாங்கள் மூன்றாம் மாடி. சனிக்கிழமை நள்ளிரவு வந்து ஏறியதில்கூட அவ்வளவு கஷ்டமில்லை, ஞாயிறு காலை பாண் வாங்க இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு முழங்காலும் மடங்க மறுத்துவிட்டன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். முதலாம் மாடி ஆச்சி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எங்கயும் விழுந்திட்டீங்களோ?" என்றார். விழவில்லை ஆச்சி, நடந்துவிட்டு வந்தேன் என்றேன். நம்பவில்லை.

நடந்தது பெக்கோ ட்ரெயிலில். பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளைக் கோத்து எடுத்த நெடுவழி அது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கம், ஹப்புத்தளை, எல்ல என்று மலைநாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். முதல் கட்டத்தை நானும் மச்சானும் போன வருடம் முடித்தோம், அது லேசாகப் போய்விட்டது. அதுதான் வினை. இரண்டாவதற்கு, கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை, நான் எடுத்த பயிற்சி காலிமுகத்திடலில் பின்னேர நடை மட்டும். கடல் மட்டத்தில், இஸ்ஸோ வடையோடு.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலுக்குச் சித்தாலேப தைலம் பூசி, அதன் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்து, காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு கிளம்பினோம். அட்டைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், நாங்கள் கேட்ட எல்லாவற்றையும் செய்திருந்தோம். பதினொரு மணி போல ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. போனில் வரைபடம் இருக்கிறதே என்று தைரியமாகப் பார்த்தால் நீலப்புள்ளி எங்களை ஒரு தேயிலை மலையின் நடுவில் வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறது. மேலே போகும் பாதைதான் அகலமாக இருந்தது, ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறியபின் பாதை மெலிந்து, மானாப்புல் இடுப்பளவுக்கு வந்து, கடைசியில் ஒரு பாறையில் போய் முடிந்தது. அட்டைகளுக்கு அன்று விருந்து.

இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் ஒன்று இருக்கிறது. பாதை பிரிந்த இடத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு வரிசையாக நிறை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், தங்களுக்குள் தமிழில் கதைத்துச் சிரித்துக்கொண்டு. ஒரு கூப்பிடு தூரம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் போனைப் பார்த்து நடந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு மொழி இல்லை. எனக்கு என்ன கேடு?

திரும்பி இறங்கினோம். முழங்கால் போனது அங்கேதான், ஏற்றத்தில் இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பும் முதுகுப்பையும் சேர்ந்து முழங்காலில்தான் வந்து விழுகின்றன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் வடியும் கான் ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி வந்து சேரும்போது அந்தப் பெண்கள் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு நிறுவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மேல போகையிலேயே பாத்தோம் தம்பி. அங்க ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போறாங்கன்னு பேசிக்கிட்டோம்."

"கூப்பிட்டிருக்கலாமே அக்கா?"

"போட்டோ எடுக்கப் போறீங்கன்னு நெனச்சோம்."

லூல்கந்துர எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு "இந்தா, இந்தப் பக்கந்தான்" என்றார். ஒன்றரை மணி நேரம். ரப்பர் செருப்போடு அவர்கள் நடக்கிற வேகத்துக்கு அது பக்கம்தான் போலும்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. ஏப்ரல் மாதத்தில் மலைநாட்டில் பின்னேரம் இடிமழை வரும் என்று தெரிந்தே மழைக்கோட்டைப் பையின் அடியில் வைத்த ஆள் நான்.

லூல்கந்துரவில்தான் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், இலங்கையில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் தேயிலைத் தோட்டம் அது. அவர் இருந்த மரவீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அடுப்புப் புகைபோக்கிக் கல்தான். அவர் உட்காரும் கல் ஆசனம் இன்னும் மேலே. மச்சான் மட்டும் ஏறிப்போய்ப் பார்த்தான், மூடுபனி தவிர ஒன்றும் தெரியவில்லையாம். நான் கீழே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். டெய்லர் 1892இல் இங்கேதான் இறந்தார், அடக்கம் செய்தது கண்டி மஹியாவையில். நல்ல கனத்த ஆள். அந்தப் பெட்டியைத் தோட்டத்து ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கண்டி வரை சுமந்தே கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். என் முதுகுப்பை ஆறு கிலோ.

ஓட்டோ பிடித்துத் தெல்தோட்டை, அங்கிருந்து கண்டி, பிறகு கொழும்பு பஸ். கடுகண்ணாவை இறக்கத்தில் கணுக்காலில் ஏதோ ஈரமாக இருந்தது. காலுறையைக் கழற்றினால் திராட்சைப்பழம் மாதிரி ஊதிப்போய் ஒன்று கழன்று சீட்டுக்கடியில் உருண்டது. போன் வெளிச்சத்தில் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. பக்கத்துச் சீட்டு ஐயா ஒன்றும் சொல்லாமல் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டார், கேகாலை தாண்டும்வரை இறக்கவே இல்லை.