ஒரே படம், ஒரே பிரதி

பிரேசில் இயக்குநர் மரியோ பெய்ஷோட்டோ முடித்த படம் ஒன்றே ஒன்று: 'லிமிச்சி', அதாவது எல்லை. 1930ல் ரியோ மாநிலத்து மங்கராச்சிபா கடற்கரையில் அதை எடுத்தபோது அவருக்கு வயது 22. நடுக்கடலில் ஒரு படகு, துடுப்புப் போடத் தெம்பில்லாத இரண்டு பெண்கள், ஒரு ஆண். மூவரின் பழைய வாழ்க்கையும் துண்டு துண்டாக வந்து போகும். மௌனப் படம்தான், ஆனால் வசன அட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விதை 1929ல் பாரிஸில் விழுந்தது. 'வூ' பத்திரிகை அட்டையில் ஆந்த்ரே கெர்தேஸின் புகைப்படம்: ஒரு பெண்ணின் முகம், அதற்கு முன்னால் விலங்கிட்ட ஆண் கைகள். படத்தின் தொடக்கத்திலேயே அந்தக் காட்சி வரும். திரைக்கதையை இயக்குநர் உம்பெர்த்தோ மவ்ரோவிடம் கொடுத்துப் பார்த்தார். 'நீயே எடு' என்று மவ்ரோ திருப்பிவிட்டார்.

என்னைக் கேட்டால், பாதிப் புகழ் ஒளிப்பதிவாளர் எட்கர் பிரசிலுக்குச் சேர வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளில் சிவப்பு கறுத்துப்போகும், நீல வானம் வெளுத்து மேகமே தெரியாது. அவர் பயன்படுத்திய பான்குரோமாட்டிக் சுருள் எல்லா நிறங்களையும் உணர்ந்து பதியும். கேமராவை நகர்த்தத் தேவையான சாதனங்களையும் அவரே செய்தார். சில காட்சிகளுக்கு கேமராவைப் பல்லக்குபோல ஆட்கள் தூக்கி நடந்தார்கள். இசைக்கு சாத்தி, டெபுஸி, ஸ்ட்ராவின்ஸ்கி என்று தொகுத்துத் தந்தவர் புரூட்டஸ் பெட்ரெய்ரா. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் வெட்டுகளின் தாளம் பிடிபடாது.

1931 மே 17ல் ரியோவின் காப்பிட்டோலியோ அரங்கில் முதல் காட்சி. வாங்கி வெளியிட விநியோகஸ்தர் யாரும் வரவில்லை. அடுத்த படம் தயாரிப்பாளர் கார்மென் சாண்டோஸுடனான மனஸ்தாபத்தில் நின்றது. பிறகு கவிதை, நாவல், இல்யா கிராண்டே தீவு வாசம். 1965ல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எழுதியதாக ஒரு புகழ்ச்சிக் கட்டுரை வெளிவந்தது; எழுதியவர் பெய்ஷோட்டோவேதான். அந்தப் பொய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை. 2015ல் பிரேசில் விமர்சகர்கள் தங்கள் நாட்டின் தலைசிறந்த படமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கு முன் படம் பிழைக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது அந்தக் காலத்து நைட்ரேட் சுருளில் ஒரே பிரதி. நைட்ரேட் தானாகச் சிதையும்: வெளியேறும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி வெள்ளிப் படிமத்தைத் தின்னும், சுருள் பிசுபிசுத்து ஒட்டும், கடைசியில் பழுப்புத் தூளாகும். சுருங்கிய சுருளின் துளைகள் இயந்திரப் பற்களில் பொருந்தாமல் கிழியும். அதனால் 1959க்குப் பிறகு திரையிடவே முடியவில்லை. சவுலோ பெரெய்ரா ஜி மெல்லோ ஒவ்வொரு சட்டகமாகப் படமெடுத்து மீட்டார். மக்கள் பார்வைக்கு மீண்டும் வர 1978 ஆயிற்று. ஒரு துண்டு மட்டும் முற்றிலும் அழிந்திருந்தது. அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு எழுத்து அட்டைதான் வரும்.