எல்லவில் கடை பார்க்கப் போனேன்

இலங்கை மலைநாட்டு எல்லவுக்கு எல்லோரும் ஒன்பது வளைவு ரயில் பாலத்தைப் பார்க்கப் போவார்கள், நான் கடை பார்க்கப் போனேன். பாலத்தையும் பார்த்தேன்தான். 1921இல் கட்டியது, இன்னும் கம்பீரமாக நிற்கிறது, அதைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. ஹட்டன்காரிக்கு ரயிலும் மலையும் தேயிலையும் புதிதா என்ன? அந்தச் சின்ன டவுனில் இப்போது முளைத்திருக்கும் கடைகள்தான் எனக்குப் புதிது. ஒரே அறைக்குள் கோப்பி, கைத்தறித் துணி, பீங்கான் கோப்பை, கறுவா வாசனைச் சோப்பு, யானை லத்தியில் செய்த காகித நோட்டு, சுவரில் யாரோ வரைந்த ஓவியம், அதற்கும் ஒரு விலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் எல்லாம் ஒரே ஆளின் கண்ணுக்குப் பிடித்து உள்ளே வந்தவை என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இதைத்தான் கான்செப்ட் ஸ்டோர் என்கிறார்கள்.

வெளிநாட்டில் இது பழைய சங்கதி. மிலானில் 10 கோர்சோ கோமோ 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, பாரிஸில் கொலெட் 1997இல் திறந்து 2017இல் மூடியே விட்டார்கள். நம் நாட்டில் பார்பரா சன்சோனியின் பெயார்ஃபுட் கைத்தறிக் கடை கொழும்பு காலி வீதியில் இப்படியொரு பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே ஏறக்குறைய இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. மலைநாட்டுக்கு இப்போதுதான் ஏறி வந்திருக்கிறது, அதுவும் வெள்ளைக்காரர் நடக்கிற தெருவரைக்கும்தான்.

மெயின் ரோட்டுக் கடைகளை வேகமாகவே கடந்துவிடலாம். யானைப் படம் போட்ட தொளதொள காற்சட்டை, 'எல்ல' என்று அச்சடித்த டீசேர்ட், மரமுகமூடி. பெயர்ப்பலகை மட்டும்தான் கடைக்குக் கடை மாறுகிறது. பசறை வீதிப் பக்கம் திரும்பி நடந்தால்தான் கொஞ்சம் நிதானமான கடைகள் கண்ணில் படும். நான் எல்லாக் கடையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இதை யார் செய்தது? சில இடங்களில் "லோக்கல் மேடம், ஹேன்ட்மேட் மேடம்" என்றார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் ஊர் பேர் வந்தது. அறுகம்பைப் பக்கம் பழைய அரிசிச் சாக்குகளில் தைக்கிற பைகள் ஒரு கடையில் தொங்கின, சாக்கின் எழுத்துகூட வெளியே தெரிகிற மாதிரி வெட்டித் தைத்திருக்கிறார்கள், வெட்டியவருக்கு நல்ல கண். அதில் ஒன்று எடுத்தேன்.

ஒரு கடையில் நின்ற பிள்ளை என்னோடு இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தாள், அழகான இங்கிலீஷ், "திஸ் ஒன் இஸ் வெரி பொப்யுலர்" என்று ஒரு நீலக் கோப்பையைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து அம்மா போன் எடுத்தார். "ஆமாம்மா, சாப்பிட்டுட்டேன்மா, ரொட்டிதான்" என்று வைத்தேன், அவ்வளவுதான், பிள்ளையின் முகமே மாறிவிட்டது.

"அக்கா தமிழா? எந்த ஊரு?"

"ஹட்டன். நீங்க?"

"பசறைப் பக்கம் தோட்டம். அக்கா, அந்தக் கப்பு வேணாம், அது கொழும்புல மொத்தமா எடுக்கிறது. இந்தா, இது பண்டாரவளையில ஒரு அக்கா சுடுறாங்க, அடியில பாருங்க, கைநாட்டு மாதிரி ஒரு கோடு இருக்கும்."

இருந்தது. மண் ஈரமாக இருக்கும்போது விரல் நகத்தால் இழுத்த ஒரு வளைந்த கோடு. கைப்பிடி கொஞ்சம் தடிப்பு, விளிம்பில் மெருகு ஒரு பக்கமாக ஓடி உறைந்திருந்தது. அதையே எடுத்தேன். அந்தப் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி கெட்டிக்காரர், ஆனால் அவளிடம் இருக்கிற தகவலில் பாதியைக்கூட அட்டையில் எழுதி வைக்கவில்லை.

அதே கடையில் தேயிலைக்கென்று தனித் தட்டு. சில்வர் டிப்ஸ் குட்டி டின்னில், நாடா கட்டி. விரியாத மொட்டை மட்டும் கிள்ளி, சுருட்டாமல் வெயிலில் காய வைப்பது, அதனால் விலை இருக்கத்தான் செய்யும், அதில் எனக்கு வழக்கில்லை. சாதாரணத் தேயிலை ஒரு கிலோவுக்கே நாலரை ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. லேபலில் மலையின் உயரம் இருக்கிறது, காற்று எந்த மாதம் வீசும் என்று இருக்கிறது, தேன் வாசம் பூ வாசம் எல்லாம் இருக்கிறது. கிள்ளியவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனது, அந்த டின் அதைவிடக் கூட. "உங்க வீட்டுல இதக் குடிச்சிருக்கீங்களா" என்று கேட்டேன். சிரித்தாள். வீட்டில் டஸ்ட் என்கிற தூள் தேயிலைதான், அம்மா இன்னமும் கொழுந்துக்குப் போகிறாராம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எல்லவிலிருந்து தூரமில்லாத அம்பதண்டேகம பள்ளத்தாக்கில் அம்பா தோட்டம் இருக்கிறது, இலையைக் கையாலேயே சுருட்டுகிறார்கள், வருமானத்தில் ஒரு பங்கு வேலை செய்கிறவர்களுக்குப் போகிறது. அவர்கள் தேயிலையும் விலைதான். ஆனால் வாங்கும்போது காசு எங்கே போகிறதென்று தெரிகிறது.

அப்புறம் அந்தக் கூடை. இன்னொரு கடை, பெயர் வேண்டாம். வாசலிலேயே கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்ப் போட்டு விளக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள், கீழே இன்னொன்றில் பன்னம் வளர்த்து, மூன்றாவது விற்பனைக்கு. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலையில் மாட்டும் கயிறு இருந்த இடத்தில் தோல் பட்டி தைத்து, தோளில் போடுகிற பையாக ஆக்கியிருந்தார்கள். என் அம்மாயிக்கு உச்சியில் கயிறு அழுந்திய இடத்தில் மட்டும் முடி மெலிந்திருக்கும், எண்ணெய் வைக்கும்போது என் விரலுக்கு அந்தத் தடம் தெரியும். இப்போது தோட்டங்களில் பாதிப்பேர் சாக்கைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள், கூடை பின்னுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆக அந்தக் கடையில்லாவிட்டால் அந்தப் பின்னல்காரருக்கு வேலையும் இல்லையோ என்னவோ. யார் பின்னியது என்று கேட்டேன். "வில்லேஜ் பீப்பள்" என்றார் முதலாளி. எந்த வில்லேஜ் என்றேன். அவருக்கு போன் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் கண்டியில் இறங்கினேன். அங்கே ஒரு சின்னக் கடையில் தும்பறைப் பாய்களை மட்டும் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். குண்டசாலைப் பக்கம் ஹேனாவல கிராமத்தில் நெய்வது. கற்றாழை மாதிரியான ஹண இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டி, நாரை அலசிக் காயவைத்து, சாயமேற்றி, தரையோடு தரையாக இருக்கிற தறியில் நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. கடைக்காரர் நெய்தவரின் பெயரைச் சொன்னார், அவருடைய தகப்பன் பெயரையும் சொன்னார், எந்த மாதிரி யார் கைவேலை என்று தனித்தனியே காட்டினார், நான் கேட்கவே இல்லை. வெளியே மழை, கடையில் வேறு ஆளும் இல்லை, ஒவ்வொன்றாக இறக்கி விரித்தார். மான் போட்ட சிவப்புப் பாய் ஒன்றை எடுத்தேன். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, இது வீட்டில் தெரிந்தால் பெரிய செய்தி.

ஹேனாவலவுக்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு உதவி: வெலிமடை, பதுளை, மஸ்கெலியாப் பக்கம் கொழுந்துக் கூடை இன்னமும் பின்னுகிறவர்களை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கயிறு போட்டதாகவே ஒன்று வேண்டும், விலை பேச மாட்டேன்.