தவணையும் தள்ளுபடியும்

13.04.2025, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து வீடு திரும்ப மணி பத்தரை. பேத்திக்குக் குருத்தோலையில் சிலுவை முடைந்து கொடுத்தேன். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. இரண்டு ஓலை கிழிந்த பிறகுதான் ஒன்று தேறியது.

கோவிலில் தம்பி நாலு பெஞ்சு முன்னால் இருந்தான். பார்க்காத மாதிரியே போய்விட்டான். 2019-இல் மகள் படிப்புக்கென்று அவன் என்னிடம் வாங்கிய 38,000 ரூபாய்.

15.04.2025, செவ்வாய்

மத்தேயு 18 வாசித்தேன். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் காசாளராக இருந்தவன். கணக்குப் போடாமல் வாசிக்க வராது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. லீவே போடாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷம். இதை வைத்துக்கொண்டு அந்த ஊழியக்காரன், "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான்!

அவன் கேட்டது தவணை. கிடைத்தது தள்ளுபடி. அது அவன் காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது. இன்னும் கட்டவேண்டும் என்ற நினைப்போடுதான் வெளியே வந்து, நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவன் தொண்டையை நெரிக்கிறான். அந்த நூறை அற்பக்காசு என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மூன்று மாதக் கூலிக்கு மேல் வருகிறதே.

18.04.2025, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம். மின்விசிறி இருந்தும் சட்டை நனைந்துவிட்டது. ஆறாம் வார்த்தை, "முடிந்தது." அந்தக் காலத்தில் கடன் தீர்ந்த சீட்டில் இந்தச் சொல்லைத்தான் எழுதுவார்கள் என்றார் பிரசங்கியார். அறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆனால் கிரேக்கத்தில் இதே வினைச்சொல்தான் மத்தேயு 17-இல் தேவாலய வரி செலுத்துவதற்கும் வருகிறது. எனக்கு அது போதும்.

சங்கத்தில் ஒரு கடனைத் தள்ளுபடி செய்தால் ஏட்டில் சும்மா அடித்துவிட முடியாது. யார் கணக்கிலாவது நஷ்டம் எழுதியாகவேண்டும். உவமையில் ராஜாவின் கணக்கில் ஏறியது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சிலுவையில் ஏறியதும் அதுதானே என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது, ஏழாவது பிரசங்கம் எதுவும் மனதில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். அப்புறம் நோட்டை எடுத்துத் தம்பி பக்கத்தைக் கிழித்தேன். பொய் சொல்லக்கூடாது, மனசு கொஞ்சம் வலித்தது.

20.04.2025, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்தேன்.

"ஜூனுக்குள்ள தந்துருவேம்ணே."

"வேண்டாம்ல. அது முடிஞ்சு போச்சு."

சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது. "ஒன் தர்மம் எனக்கு வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

சாயங்காலம் அவன் மனைவி வந்தாள். "அத்தான், அவுக குடுக்கச் சொன்னாக" என்று 2,000 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனாள்.

வாங்கி வைத்திருக்கிறேன். வரவு எழுதத்தான் பக்கம் இல்லை.