வயிறா, மண்டையா?

கிளிநொச்சிப் பக்கம் உடற்கல்வி படிப்பிக்கிற எல்லோருக்கும் இது தெரியும்: உதைபந்தாட்டப் போட்டி நாள் காலையில் மலசலகூடத்துக்கு முன்னால்தான் கூட்டம். முதல் நாள் பின்னேரம் நாலு பேரை வெட்டிக்கொண்டு போய் கோல் அடித்தவன், "சேர், வயித்தைக் கலக்குது" என்று வந்து நிற்பான். மாகாண மட்டம் என்றால் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூட அணி ஒரே நிற உடுப்போடு பஸ்ஸால் இறங்கும்போதே எங்கள் பெடியளின் முகம் செத்துவிடும்.

"பயப்பிடாதை" என்று சொல்லிப் பயனில்லை. நான் கேட்பது, "வயிறா, மண்டையா?" பதற்றம் உடம்பிலா, நினைப்பிலா என்று.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. விளையாட்டு உளவியலாளர் ரெய்னர் மார்ட்டென்சும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட வினாக்கொத்து, உடற்பதற்றம், மனப்பதற்றம், தன்னம்பிக்கை மூன்றையும் தனித்தனியாகவே அளக்கிறது. வயிறு கலங்குவதும் கை குளிர்வதும் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கியதும் அடங்கிவிடும். அவனை நாலு சுற்று ஓடவிட்டு, காலில் பந்தைக் கொடுத்தால் சரி.

மண்டைதான் கரைச்சல். "நான் விட்டிட்டா ஊரில என்ன சொல்லுவினம்" என்பது விசில் ஊதினாலும் போகாது. பாராட்டும் அதற்குப் பெரிதாக உதவாது. தானே செய்து முடித்த அனுபவந்தான் தன்னம்பிக்கைக்கு முதல் ஊற்று என்று உளவியலாளர் பண்டுரா 1977இலேயே எழுதிவிட்டார். அதனால் பெனல்டிப் பயிற்சியை நான் கடைசியில் வைப்பேன், எல்லோரும் களைத்த பிறகு. அடிக்கிறவன் நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வரவேண்டும். மற்றவர்கள் கூக்காட்டலாம், அதற்கு முழு அனுமதி. 11 மீற்றரில் பந்தை வைத்தபின், விசில் ஊதியதும் பாயக்கூடாது. ஒரு மூச்சு விட்டு, தன் வேகத்தில் காலடி வைத்து வரவேண்டும். விசிலுக்குப் பிறகு அவசரப்படுகிறவர்கள்தான் கூடுதலாகத் தவறவிடுகிறார்கள் என்று நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் காணொளிகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் பெடியளுக்கு அந்த ஒரு மூச்சுத்தான் ஆகக் கஷ்டம். கூக்காட்டலுக்குள் சும்மா நிற்பது லேசான வேலையா?

பெண்பிள்ளைகள் பயமென்றால் வாய்திறந்து சொல்லிவிடுவார்கள். பெடியள் சப்பாத்து கடிக்குது என்பார்கள்.

அப்புறம், கோட்டோரம் நின்று கத்தும் அப்பாமார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிற மனிதரிடம் "கத்தாதேங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இடைவேளைக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுவேன். போத்தல் நிரப்பப் போகிற நேரமாவது சத்தம் குறையும்.