மணப்பாட்டில் ஆடிக்காற்று

மணப்பாட்டுக்கு டிசம்பர், ஜனவரியில் போவதுதான் நல்லது என்று பலரும் சொல்வார்கள். வெயில் குறைவு, கடலும் அமைதி. நான் ஆடி மாதத்தில் போகச் சொல்வேன். அந்த ஊரை உருவாக்கியதே காற்றுதான். காற்று ஓய்ந்த நாளில் போனால் பாதி ஊரைத்தான் பார்க்க முடியும்.

தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போன பயணம் அது. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு சுமார் 18 கிலோமீட்டர். குலசேகரன்பட்டினம் தாண்டியதுமே வழியெல்லாம் பனைகளின் ஓலைச் சத்தம். வண்டியை விட்டு இறங்கியதும் மணல் வந்து முகத்தில் அறைந்தது.

ஊரின் கடைசியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மேடுதான் மணப்பாட்டின் அடையாளம். காற்று அள்ளிக் குவித்த மணல் காலப்போக்கில் இறுகிப் பாறையாகிவிட்ட மேடு. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581-இல் கட்டப்பட்டது. ஆலயத்துக்கு முன்பே அங்கே சிலுவை வந்துவிட்டதாம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் பாய்மரம் முறிந்ததாம். உயிர் தப்பினால் அந்த மரத்தில் சிலுவை செய்து, கரை சேரும் இடத்தில் நடுவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டானாம். ஊரில் இதைச் சொல்பவர்கள் நேற்று நடந்ததுபோலத்தான் சொல்கிறார்கள். அந்தக் காற்றில் நின்றுகொண்டு கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆலயத்திலிருந்து கடல் பக்கமாக இறங்கினால் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை என்று காட்டுகிறார்கள். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரைக்கு அவர் 1542-இல் வந்தார். பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தார்கள். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கு முன் ஒரு சைவத் துறவி அந்தக் குகையில் வாழ்ந்ததாகவும் சொல்கிறார்கள். அதை மறைக்காமல் சேர்த்தே சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே காது அடைக்கும் இரைச்சல். குகைக்குள் நுழைந்ததும் நம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது. தவம் செய்ய இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கும்.

மேட்டின் ஒரு பக்கம் அலை மோதிச் சிதறுகிறது. மறுபக்கம், மேடே அணைபோல நின்று காப்பதால், தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. படகுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இந்தக் காத்துல எப்படி அண்ணாச்சி கடலுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கச்சான் கரையிலேர்ந்து கடலுக்குத் தள்ளுத காத்து தம்பி. போறது லேசு. திரும்பி வாரதுதான் பாடு" என்றார், கையை நிறுத்தாமலே.

மேற்கிலிருந்து வரும் இந்தக் கச்சான்தான் இப்போது அலைச்சறுக்குக்காரர்களையும் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் பாய்கிறவர்களையும் இங்கே இழுக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பலர் கரையோடு திரும்பிவிடுகிறார்கள். தெருக்களுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். உயரமான தூண்களும் நீண்ட திண்ணைகளும் கொண்ட பழைய வீடுகள், கடல் வாணிபம் செழித்த காலத்தை இன்னும் தாங்கி நிற்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. உப்புக்காற்று சுண்ணாம்புப் பூச்சை உரித்துக்கொண்டே இருக்கிறது. ஆலயத்தைப் பேணுகிற அக்கறையில் கொஞ்சமாவது இந்த வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும். ஒன்று இடிந்தால் அதைப்போல இன்னொன்றை யாராலும் கட்ட முடியாது.

கூட்டத்தோடு பார்க்க ஆசைப்படுபவர்கள் செப்டம்பர் 14 திருவிழாவுக்குப் போகலாம். அப்புறம், மேட்டுக்கு ஏறும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.