மண்டபத்து உப்புக்காற்றும் எங்கள் ஷட்டர் மோட்டாரும்

மண்டபத்தில் வாடை அடித்தால் பாக் விரிகுடாவின் உப்பு வீட்டுக்குள் வரும். சோழகம் அடித்தால் மன்னார் வளைகுடாவின் உப்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன என்றால், வீட்டு ஷட்டர் எம்மாத்திரம்?

எங்கள் கார் ஷெட்டில் இருப்பது பழைய ஸ்பிரிங் ஷட்டர். பின்னாளில் அதன் உருளையில் மோட்டார் பொருத்தினோம். கடந்த மழைக்காலம் முடிந்ததும் ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் உறுமியது, ஷட்டர் நகரவில்லை. கீழிருந்து கை கொடுத்தால் முக்கிக்கொண்டு ஏறியது. முதலில் வந்த மெக்கானிக் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிய மோட்டார் போட வேண்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வேறொரு தம்பியை வரவழைத்தேன்.

அந்தத் தம்பி மோட்டாரைப் பிரிக்கவே இல்லை. மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரின் பிரேக்கை விடுவிக்கும் கேபிளை இழுத்துவிட்டு, "அண்ணே, இப்போது கையால் தூக்குங்கள்" என்றார். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. பாதியில் விட்டதும் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் பாதியில் விட்ட ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டுமாம். ஸ்பிரிங் தளர்ந்து, அது சுமக்க வேண்டிய எடையை மோட்டார் சுமந்திருக்கிறது. பக்கவாட்டுச் சட்டங்களுக்குள் ஸ்குரு டிரைவரை விட்டுச் சுரண்டினார். கிரீஸும் மணலும் உப்பும் சேர்ந்து கறுத்த களியாக வந்தது. கிரீஸ் போட்டால் நல்லது என்று இங்கே எல்லோரும் நினைக்கிறோம். கடற்கரையில் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சட்டத்தைத் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதே போதும்.

ஸ்பிரிங்கை அவரே மாற்றினார். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும். தெரியாதவர்கள் தயவுசெய்து தொட வேண்டாம். அரித்துப்போன அடிப்பட்டையை வெல்டிங் பட்டறையில் மாற்றினோம். மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கண்டென்சரையும் மாற்றி, அதே மைக்ரோஃபாரட் அளவில் புதியது போட்டதும் மோட்டார் ஓடியது.

ஆனால் மேலே போன ஷட்டர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஷட்டர் எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் செம்பு முனைகளெல்லாம் பச்சை பூத்து, திருகுகளின் தலையில் வெள்ளையாக உப்பு. அந்தப் பழைய மாடலுக்கு உதிரிபாகம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகே புது மோட்டார் வாங்கச் சம்மதித்தேன். ஷட்டர் இலகுவாகிவிட்டதால் பழைய அளவே போதுமானதாக இருந்தது. முதலில் வந்தவர் சொன்னபடி செய்திருந்தால், பெரிய மோட்டாருக்குச் செலவழித்து அதையும் அதே பாரத்தை இழுக்க விட்டிருப்போம்.

இன்னொன்றையும் கேட்டு வாங்கினேன். எங்கள் ஷெட்டுக்கு வேறு வாசல் கிடையாது. பிரேக் கேபிளின் பிடி உள்ளேயே இருந்தால், புயல் நாளில் மின்சாரம் போகும்போது காரை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் அதை வெளிச்சுவரில் பூட்டுள்ள சிறு பெட்டிக்குள் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். சாவி அம்மாவிடம் இருக்கிறது. இழுக்கும் விதத்தையும் அவருக்குக் காட்டிவிட்டேன்.