மிருதங்கம் 214 சாம்பிள் பின்தங்கிய கணக்கு

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த பிழையின் பெரும்பகுதி நேற்றிரவு பிடிபட்டது. மயிலாப்பூர் வீட்டில் முதலில் வயலின், அதைக் கேட்டு மிருதங்கம், பிறகு மிருதங்கத்தை மட்டும் கேட்டுக் கஞ்சிரா என்று தடம் தடமாகப் பதிவு செய்து வருகிறேன். வாசித்தபோது கச்சிதமாக விழுந்த தீர்மானம் (மும்முறை வாசித்து முடிக்கும் தாளக் கோர்வை), மூன்றையும் சேர்த்துக் கேட்டபோது கலைந்து கிடந்தது. வாசித்தவர்களின் காலப்பிரமாணத்தில் குறையில்லை என்பதை அருகிலிருந்து கேட்டிருந்ததால், என் சந்தேகம் இன்டர்ஃபேஸின், அதாவது ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டியின், டிரைவர் மென்பொருள் மேல் திரும்பியது.

இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை (ஒலி வெளியேறும் வழி) அதன் லைன் இன்னுடன் (ஒலி உள்ளே வரும் வழி) கேபிளால் இணைத்து, உள்ளே வரும் ஒலி மறுபடி வெளியே போகாதபடி தடத்தின் மானிட்டரிங்கை அணைத்துவிட்டு, ஒரு கிளிக்கை ஓடவிட்டு அதையே பதிவு செய்தேன். ஏசியோ (ASIO) வகை டிரைவர் தன் இன்புட், அவுட்புட் தாமதங்களைச் சாம்பிள் கணக்கில் சொல்ல, பதிவு மென்பொருளான ரீப்பர் அந்தக் கூட்டுத்தொகை அளவுக்குப் பதிவை முன்னே இழுத்து வைக்கிறது. ஆகவே டிரைவர் சொல்லும் கணக்கு சரியென்றால் இரு கிளிக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று அமர வேண்டும். எனக்கோ 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவெடுப்புகள்) 214 சாம்பிள், அதாவது 4.46 மில்லிநொடி, தாமதமாக விழுந்தது. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துக் கடத்தும் பஃபரின் அளவை 64, 128, 256 சாம்பிள் என்று மாற்றியும் அந்த எண் அசையவில்லை. பஃபரின் தாமதத்தை ஒழுங்காகச் சொல்லும் இந்த டிரைவர், அதற்கு அப்பால் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரிலும் யூஎஸ்பி வழியிலும் செலவாகும் நேரத்தை விட்டுவிடுகிறது என்றே முடிவு செய்தேன்.

சென்னை வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்வதால், 4.46 மில்லிநொடி என்பது ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். கச்சேரி மேடையில் அது இயல்பே. ஆனால் பின்தங்கிய மிருதங்கத்தைக் கேட்டு வாசித்த கஞ்சிரா மீண்டும் ஒருமுறை பின்தங்கி, வயலினிலிருந்து 428 சாம்பிள், கிட்டத்தட்ட 9 மில்லிநொடி, விலகிவிட்டது. தீர்மானத்தைக் கெடுத்தது இந்தச் சேர்மானம்தான்.

ரிச்சி தெருவில் வாங்கிய முதல் கேபிளின் முனை தளர்ந்து கிளிக்கின் தொடக்கத்தைச் சிதைத்ததால், ஒரு மாலை முழுவதும் தவறான எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். வாங்குபவர்கள் கடையிலேயே முனையைத் திருகி, இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ரீப்பரின் பதிவு அமைப்பில் 214 சாம்பிளை ஈடாகக் கொடுத்ததும் கிளிக் ஒரு சாம்பிளுக்குள் வந்து அமர்ந்தது. எனினும் யூஎஸ்பி கேபிளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் எண் 206 முதல் 221 வரை மாறுகிறது. காதுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் அளந்துகொள்கிறேன்.

அடுத்துத் தம்புராவுக்குத் தனி யூஎஸ்பி மைக் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். சாம்பிள்களின் வேகத்தை நிர்ணயிக்கும் அதன் கடிகாரம் இன்டர்ஃபேஸின் கடிகாரத்திலிருந்து நொடிக்கு 2 சாம்பிள் விலகினாலும் 4 நிமிடத்தில் 10 மில்லிநொடி சேர்ந்துவிடும். எந்த ஈடும் அதைத் திருத்தாது. தம்புராவும் இதே இன்டர்ஃபேஸில்தான் பதிவாகும். பழைய பதிவில் மிருதங்கத்தை 214, கஞ்சிராவை 428 சாம்பிள் முன்னே நகர்த்தி வருகிறேன். அனுபல்லவி வரை முடிந்தது, சரணம் பாக்கியிருக்கிறது.